மல்லித்தண்ணீரின் மேல் போட்ட பழி

எசன்
12.01.2025

அன்பு மகள் டெல்சிக்கு,

அப்பா எழுதும் கடிதம். இங்கே அம்மா சுகம். நானும் சுகம் என்று எழுதினால் பொய். சுகமில்லை என்று எழுதினால் நீ லீவு போட்டுவிட்டு ஹாலேயிலிருந்து ஓடிவருவாய். ஆகவே, நான் இருக்கிறேன் என்று மட்டும் எழுதுகிறேன். உன் தடிமனும் இருமலும் மாறிவிட்டதா?

தொலைபேசி இருக்க இந்த மனிதருக்கு ஏன் கடிதம் என்று நினைப்பாய். எங்கள் வீட்டில் தொலைபேசி பொதுச்சொத்து. நான் "ஹலோ" என்றதும் உன் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவா. தபால்பெட்டியை மட்டும் தொடமாட்டா. "அதுக்குள்ள இருந்து இந்த நாட்டில ஒரு நல்ல செய்தியும் எனக்கு வந்ததில்லை" என்பது அவவின் கொள்கை. பெட்டியைத் திறக்கும் திறப்பு என்னிடம்தான். நீயும் பயமில்லாமல் எழுதலாம். ஓ.எல். சோதனையை இரண்டு தடவை எடுத்தவன் நான், இரண்டு தடவையும் சோதனைதான் வென்றது. பிழைகளைப் பொறுத்துக்கொள்.

வியாழக்கிழமை டொக்டரைப் பார்க்கத் தந்த டெர்மினைப் பற்றி. உன்னை ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைத்தோம். டொக்டர் அம்மா என் குடலின் படத்தையும் ஈரலின் படத்தையும் காட்டிக் காட்டி ஒரு பூசைப் பிரசங்கம் அளவுக்குப் பேசினா. நீ தமிழில் சொன்னது, "கீமோ தொடருமாம் அப்பா, கவலைப்படாதேங்கோவாம்." ஒரு ஆமென் அளவு. ஜேர்மன் சொற்கள் சரக்கு ரயில் மாதிரி நீளமானவை என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் அத்தனை பெட்டிக்குள்ளும் இவ்வளவு சாமான்தானா இருந்தது என்று யோசித்தேன். டொக்டர் அம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தா. மரியாதைக்குத் தலையாட்டினேன். இவ்வளவு வருஷமாக முதியோர் இல்லத்துச் சமையலறையில் நான் படித்த ஜேர்மன் வெங்காயத்தில் தொடங்கிப் பாத்திரம் கழுவுவதில் முடிகிறது. ஈரல் என்றால் எனக்கு வறுக்கத்தான் தெரியும்.

கீமோ ஏற்றி வந்தால் ஒரு கிழமைக்குச் சாப்பாட்டு மணமே ஆகாது, வாந்திதான். அம்மா கோப்பையோடு முன்னால் இருப்பா. நான் சோற்றைப் பார்ப்பேன், சோறு என்னைப் பார்க்கும், இருவருக்கும் மற்றவரைப் பிடிப்பதில்லை.

பொய்ப்பல்லுச் செய்யும் வேலையில் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. மடு மாதா உன்னோடு இருப்பா.

அன்பு அப்பா
பேனாட்

ஹாலே
26.01.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பார்த்து முதலில் பயந்தேன், பிறகு சிரித்தேன். நான் சுகம். தடிமன் போய்விட்டது. அம்மாவின் முழங்கால் எப்படி?

என் தமிழ் சனிக்கிழமைப் பள்ளிக்கூடத் தமிழ். டொக்டர் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தா. அதனால் சுருக்கினேன். ஸ்பீக்கரில் எல்லாச் சொல்லும் எனக்குச் சரியாகக் கேட்பதும் இல்லை. அதை யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

வாந்தியைப் பற்றி டொக்டரிடம் வாயைத் திறந்து சொல்லுங்கள். "எப்படி இருக்கிறீர்கள்" என்று அவ கேட்டால் நீங்கள் "நல்லாயிருக்கிறன்" என்கிறீர்கள். நான் அதைத்தான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கிறது. வேறு குளிசை தருவார்கள்.

சாப்பிடுங்கள் அப்பா. கொஞ்சமாவது.

முத்தங்களுடன்
டெல்சி

எசன்
23.02.2025

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். இந்தத் தடவை அதில் பாதிக்கு மேல் உண்மை. உன் சுகத்துக்கு எழுது. அங்கேயும் பனியா?

ஒரு சங்கதி. வாசித்துவிட்டுக் கிழித்துவிடு.

கீமோவுக்குப் பிறகு லூக்காஸ் என்னைப் பார்க்க வந்தான். எங்கள் சமையலறையில் பெரிய சமையல்காரன், என்னைவிட முப்பது வயது குறைவு. வாசலிலேயே, "பேனாட், எங்கள் விளக்குமாறு உன்னைவிடக் கொழுப்பு" என்றான். போகும்போது ஒரு பிஸ்கட் தகரத்தை என் கையில் வைத்தான். அவன் தாய்க்கும் கீமோ நேரத்தில் இதுதான் உதவினதாம். அவன் பால்கனியில் மூன்று செடி வளர்க்கிறான். என்ன செடி என்று நான் கேட்கவில்லை. தகரத்தைத் திறந்ததும் மூக்குக்கு விளங்கிவிட்டது. கஞ்சா, மகள்.

கட்டடத்துக்குக் கீழே எங்கள் சாமான் அறைக்குப் போய் ஒரு அரைப் பிஸ்கட் தின்றேன். ஒன்றும் நடக்கவில்லை. லூக்காஸ் ஏமாற்றிவிட்டான் என்று மற்ற அரையையும் தின்றேன். அது பிழை. உன் பழைய சைக்கிளுக்கு முன்னால் உட்கார்ந்து அதனிடம் நெடுநேரம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஏன் என்று இப்போது ஞாபகமில்லை. சைக்கிள் மன்னித்துவிட்டது.

இப்போது அளவு தெரியும், கால் துண்டு. அன்றைக்கு மேலே வந்து இரண்டு கோப்பை சோறும் மீன் குழம்பும் சாப்பிட்டேன். சட்டியை வழித்தேன். உன் அம்மா குசினிக்குள் போய் அழுதா. மாதாவுக்கு வைத்த நேர்த்தி பலித்துவிட்டதாம். லூக்காசுக்குப் போகவேண்டிய பெயர் மாதாவுக்குப் போனது. லூக்காஸ் கோபிக்கமாட்டான்.

அம்மாவுக்குச் சொல்லலாமே என்பாய். அவவின் அண்ணன் மகன் யூட்டை மறந்துவிட்டாயா? மன்னார்க் கடற்கரையில் கேரளக் கஞ்சாப் பொதியோடு பிடிபட்டு இன்னும் சிறையில் இருக்கிறான். அவனுக்காக உன் அம்மா தினமும் செபமாலை சொல்கிறா. கஞ்சா என்ற சொல்லையே வீட்டுக்குள் எடுக்கவிடமாட்டா. "அந்தச் சாமான்" என்பா. அந்தச் சாமான் காலடியில் பிஸ்கட் தகரத்துக்குள் இருக்கிறது என்று தெரிந்தால், என் புற்றுநோய் பயந்து தானாகவே ஓடிவிடும்.

ஆகவே டொக்டருக்கும் சொல்ல ஏலாது. டொக்டருக்குச் சொல்வதென்றால் ஸ்பீக்கரில் நீ சொல்லவேண்டும், அம்மா பக்கத்தில் இருப்பா. லூக்காசுக்கும் கரைச்சல் வரலாம்.

நீ எனக்கு வாக்குத் தரவேண்டும்.

அன்பு அப்பா

ஹாலே
02.03.2025

அன்புள்ள அப்பா,

நான் சுகம். நீங்கள் இரண்டு கோப்பை சாப்பிட்டதை வாசித்து அழுதேன். பிறகு கோபம் வந்தது. இப்போது இரண்டும் இருக்கிறது.

உங்களைப் பொலிஸ் பிடிக்காது. இப்போது இந்த நாட்டில் பெரியவர்கள் மூன்று செடி வளர்க்கலாம். லூக்காஸ் அடுத்தவருக்குக் கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான். டொக்டர் அவனைக் காட்டிக்கொடுக்கமாட்டா. நோயாளி சொல்வதை வெளியில் சொல்ல அவவுக்கு உரிமையில்லை.

என் பயம் வேறு. இதயத்தில் வைத்த வால்வுக்காக நீங்கள் எட்டு வருஷமாக இரத்தம் உறையாமல் இருக்கும் குளிசை எடுக்கிறீர்கள். இங்கே மருந்துக்கடையில் பெயர் சொல்லாமல் கேட்டேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. சில சாமான்கள் அந்தக் குளிசையின் வேகத்தைக் கூட்டிவிடுமாம், இரத்தம் மிகவும் இளகினால் உள்ளுக்குள் பெருகுமாம், "அவருடைய டொக்டருக்குத் தெரியுமா" என்று இரண்டு தடவை கேட்டா.

அடுத்த டெர்மினில் அம்மாவை வெளியில் இருத்துங்கள். நீங்கள் தமிழில் சொல்லுங்கள். நான் ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் ஜேர்மனில் சொல்கிறேன்.

அம்மாவுக்குச் சொல்லமாட்டேன். அந்த வாக்கு மட்டும் தருகிறேன்.

டெல்சி

எசன்
30.03.2025

அன்பு மகளுக்கு,

நாங்கள் சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். டெர்மினுக்குப் பிறகு நீ தொலைபேசி எடுக்கவில்லை. வேலை கூடவோ?

அங்கே நடந்தது உனக்குக் கேட்டது. உனக்குத் தெரியாததை எழுதுகிறேன்.

அம்மாவை வெளியில் இருக்கச் சொன்னேன். "ஏன், உள்ள என்ன எனக்குத் தெரியாத ரகசியம்?" என்று கேட்டுக்கொண்டே எனக்கு முதல் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டா. டொக்டர் அம்மா இரத்தச் சோதனைத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. இரத்தம் ஏன் இவ்வளவு இளகியிருக்கிறது, வேறு மருந்து, மூலிகை, தேநீர், ஏதாவது எடுக்கிறாரா என்று கேட்டதை நீ தமிழில் சொன்னாய். சொல்லிவிட்டு என் மறுமொழிக்குக் காத்திருந்தாய். அம்மா என் முகத்தைப் பார்த்தா. என் வாய், அது எப்போதும் என்னைக் கேட்காமல்தான் வேலை செய்யும், "ஒண்டுமில்லை" என்றது.

அப்போதுதான் உன் அம்மா, "நான் மல்லித்தண்ணி அவிச்சுக் குடுக்கிறனான், அது பிழையோ?" என்று கேட்டா. நீ அதை மொழிபெயர்த்தாய். டொக்டர் அம்மா எழுதிக்கொண்டு, எதற்கும் அதை நிறுத்திப் பார்ப்போம் என்றா.

மகள், வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா மல்லிப் போத்தலை எடுத்துக் குப்பையில் கொட்டினா. "உங்கட ரத்தத்தை நான்தான் பழுதாக்கிப் போட்டன்" என்றா. "அப்பிடியில்லை சிசிலி" என்றேன். "டொக்டர் சொல்லுறா, நீங்கள் என்ன பெரிய டொக்டரோ?" என்றா. வெறும் போத்தலை எடுத்துக் கழுவி வைத்தேன்.

பிஸ்கட்டை விடப் பார்த்தேன். நான்கு நாள் விட்டேன். ஐந்தாம் நாள் அவித்த முட்டையின் மணத்துக்கே ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். அம்மா கதவுக்கு வெளியே நின்று, "இப்ப நான் ஒண்டும் தரேல்லையே" என்று அழுதா. ஆகவே திரும்பத் தொடங்கினேன். இனி குளிசையையும் பிஸ்கட்டையும் ஒரே நேரத்தில் எடுப்பதில்லை, காலையில் ஒன்று பின்னேரம் ஒன்று. வயிற்றுக்குள் இரண்டும் சந்திக்காது. இது என் சொந்த விஞ்ஞானம்.

அன்பு அப்பா

ஹாலே
06.04.2025

அப்பா,

சுகமா என்று கேட்கப்போவதில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

இரண்டும் சந்திக்காது என்பது சரியில்லை. அது வயிற்றில் இல்லை, ஈரலில் நடக்கிறது, மணித்தியாலத்தில் முடிவதும் இல்லை. தயவுசெய்து.

நீங்கள் தமிழில் "ஒண்டுமில்லை" என்றீர்கள். டொக்டருக்குக் கேட்டது என் குரல். "இல்லை, ஒன்றும் எடுப்பதில்லை" என்று ஜேர்மனில் சொன்னது நான். அவ அதை நம்பி எழுதினா. பொய் என்று தெரிந்துகொண்டே உங்கள் மருந்தைப் பற்றி நான் டொக்டரிடம் பொய் சொன்னேன். அன்று செய்த பல்லை மூன்று தடவை உடைத்துத் திரும்பச் செய்தேன்.

இன்னொரு தடவை என்னால் ஏலாது.

டெல்சி

எசன்
25.05.2025

அன்பு மகளுக்கு,

கடிதம் பிந்தியதற்கு மன்னித்துக்கொள். நீ தொலைபேசியில் கேட்ட சுகச்செய்தி எல்லாம் அம்மா சொன்னது. இப்போது என்னுடையதைக் கேள். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். மெலிவு, ஆனால் நடக்கிறேன்.

உயிர்த்த ஞாயிறு பூசைக்கு வெளிக்கிடும்போது மூக்கால் இரத்தம் வந்தது. நிற்கவில்லை. வெள்ளைச் சேட்டு. அம்மா துவாய்க்கு மேல் துவாயாகக் கொண்டுவந்தா. அம்புலன்சில் ஏற்றினார்கள். கீமோவை நிறுத்தினார்கள். இவ்வளவும் உனக்குத் தெரியும்.

தெரியாதது இதுதான். வார்டில் என் கட்டிலடியில் நின்று, தனக்குத் தெரிந்த பத்துப் பன்னிரண்டு ஜேர்மன் சொற்களையும் கூட்டி, உன் அம்மா ஒரு தாதிக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருந்தா. நான், தேநீர், கொடுத்தேன், நான், பிழை, நான். நெஞ்சில் கைவைத்துச் சொன்னா. அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை, அவவின் தோளைத் தடவிவிட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டு நித்திரை மாதிரிக் கிடந்தேன். என்ன ஒரு வீரன் பார்.

அடுத்த நாள் டொக்டர் அம்மா வந்தா. "சிசிலி, எனக்குத் தோடம்பழச் சாறு வேணும்" என்று அம்மாவைக் கீழே அனுப்பினேன். டொக்டர் அம்மா தொலைபேசியைக் காட்டி, மகளைக் கூப்பிடுவோமா என்றா. வேண்டாம் என்றேன். வெங்காய ஜேர்மனில் தொடங்கினேன். "டொக்டர், தேநீர் நல்லது. மனைவி நல்லது. நான் நல்லதில்லை. பிஸ்கட். உள்ளே கஞ்சா. ஒவ்வொரு நாளும்."

சத்தம் போடுவா என்று பார்த்தேன். கதிரையை இழுத்துக் கட்டிலோடு போட்டு இருந்தா. எவ்வளவு, எப்போதிலிருந்து, புகைப்பதும் உண்டா, உதவுகிறதா. ஒரு சமையல் குறிப்பைக் கேட்பது மாதிரிக் கேட்டா. என்னைப் போல எத்தனையோ பேர் எடுக்கிறார்களாம், முக்கால்வாசிப் பேர் சொல்வதில்லையாம். "ஏன் முதலே சொல்லவில்லை?" என்றா. தொலைபேசியைக் காட்டி, "உள்ளே மகள்" என்றேன். கதிரையைக் காட்டி, "இங்கே மனைவி" என்றேன். அவ பேனாவை மூடி வைத்தா. பிறகு, "அது என் பிழையும்தான்" என்றா.

இனிப் பிஸ்கட் இல்லை. அளவு தெரிந்த துளி மருந்தாக அவவே எழுதித் தருவா. அடிக்கடி இரத்தம் பார்த்து மற்றக் குளிசையைக் குறைப்பார்களாம். கார் ஓட்டுகிறீர்களா என்று கேட்டா. "கை நான், வாய் மனைவி" என்றேன். அப்போதுதான் சிரித்தா. ஆனாலும் ஓட்டக்கூடாதாம்.

போவதற்கு எழும்பியவ திரும்பி இருந்தா. சனவரியில் தான் சொன்னது எனக்கு விளங்கியதுதானே என்று கேட்டா. விளங்கியது என்றேன். அவ என் முகத்தைப் பார்த்துவிட்டு, மெல்ல மெல்ல, சின்னச் சின்னச் சொல்லாக எல்லாவற்றையும் திரும்பச் சொன்னா. அதை இங்கே எழுதவில்லை. உனக்குத் தெரிந்ததை உனக்கே எழுதினால் முத்திரை வீண்.

தோடம்பழச் சாறு நல்லாயிருந்தது. முழுவதும் குடித்தேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள் பிள்ளை. நான் கோபமில்லை.

அன்பு அப்பா

ஹாலே
02.07.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

ஒரு மாதத்துக்கு மேலாக இதை எழுதுகிறேன், கிழிக்கிறேன். சுகம் கேட்கும் வரியைத் தாண்ட முடியவில்லை. நீங்கள் சுகமா அப்பா?

அன்று டொக்டர் சொன்னதை நான் நன்றாகக் கேட்டேன். ஈரலில் இருப்பதை இனி வெட்ட முடியாது, மாற்ற முடியாது, கீமோ அதைப் பிந்தச் செய்வதற்குத்தான் என்றா. அதற்குத் தமிழ் எனக்குத் தெரியும். சொல்ல வாயைத் திறந்தேன். அம்மாவின் மூச்சு ஸ்பீக்கரில் கேட்டது. "கீமோ தொடருமாம்" என்றேன். அது பொய்யில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

நான்தான் உங்களிடம் டொக்டருக்கு உண்மை சொல்லுங்கள் என்று எழுதினேன்.

எட்டு வயதிலிருந்து உங்களுக்கும் அம்மாவுக்கும் நான்தான் வாய். வீட்டுக்காரர், அலுவலகம், என் வகுப்பு டீச்சர், எல்லாரிடமும். டீச்சர் என்னைப் பற்றிக் குறை சொன்னபோதும் நான்தான் மொழிபெயர்த்தேன், நல்லபடியாக. ஆஸ்பத்திரியில் வேறு ஆளைக் கேளுங்கள். நான் அதற்குச் சரியில்லை.

டெல்சி

எசன்
13.07.2025

அன்பு மகளுக்கு,

சுகம். துளி மருந்து வேலை செய்கிறது, இரத்தமும் சொன்னபடி கேட்கிறது. உன் டீச்சர் உன்னைப் பற்றி இவ்வளவு நல்லதாகச் சொல்கிறாவே என்று அந்தக் காலத்தில் நான் ஆச்சரியப்பட்டது உண்மை.

இரண்டு செய்தி.

ஒன்று, அம்மாவுக்கு அந்தச் சாமானைப் பற்றிச் சொல்லிவிட்டேன். கடையில் மல்லி இருந்த தட்டைப் பார்த்ததும் அவ முகத்தைத் திருப்பினா. அதைப் பொறுக்க ஏலவில்லை. அங்கேயே, மிளகாய்த்தூள் பைகளுக்கு நடுவில் சொன்னேன்.

"கஞ்சாவோ? என்ர மாதாவே! யூட்டுக்காக நான் செபமாலை சொல்ல, பக்கத்தில இருந்து 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' எண்டு நீங்களும் சொன்னனீங்களே!"

"அது எனக்கும் சேர்த்துத்தான் சிசிலி."

"பகிடியோ? உங்களுக்கு எல்லாம் பகிடி! நான் எத்தினை நாள் அழுதனான்? மல்லி என்ன பாவம் செய்தது?"

கடைக்காரர் தலையை நீட்டிப் பார்த்தார். மூன்று நாள் எனக்குக் கதையில்லை. நான்காம் நாள் துளி மருந்துப் போத்தலை என் கையிலிருந்து பறித்து, கண்ணாடியைப் போட்டு, தானே எண்ணிக் கரண்டியில் விட்டா. "இனி இது என்ர பொறுப்பு. உங்கட கையில குடுத்தா சைக்கிளோட கதைப்பியள்" என்றா. சைக்கிள் கதையையும் சொல்லியிருக்கக் கூடாது. பிறகு, "வேற என்ன ஒளிச்சு வைச்சிருக்கிறியள்?" என்று கேட்டா. ஒன்றுமில்லை என்றேன். மற்றதை, ஈரல் சங்கதியை, இன்னும் சொல்லவில்லை.

இரண்டு, நீ சொன்னபடி வேறு ஆளைக் கேட்டேன். ஆஸ்பத்திரி சுந்தரராஜன் என்று ஒருவரை அனுப்பியது. சென்னைக்காரர், நல்ல மனிசன். "சார், டொக்டர் ஜெனரலா எப்படி ஃபீல் பண்றீங்கன்னு கேக்கறாங்க" என்றார். எனக்கு அதை மொழிபெயர்க்க ஒருவர் தேவைப்பட்டார். ஆனால் ஒன்றும் விடாமல் சொல்கிறார். அன்று அம்மா முழங்கால் டொக்டரிடம் போயிருந்தா.

டெல்சி, அவர் என் குடலைப் பற்றிப் பேசட்டும். அம்மாவுக்கு இதைச் சொல்ல அவரால் ஏலாது. நான் சொன்னால் பகிடி என்பா. டொக்டர் சொல்லவேண்டும், நீ அதைத் தமிழில் சொல்லவேண்டும். ஒரு தடவை. ஓகஸ்ட் பதினான்கு டெர்மின். அம்மாவுக்குக் கேள்வி கேட்க நேரம் வேண்டும் மகள். எனக்கும் அவவோடு பொய்யில்லாமல் இருக்க நேரம் வேண்டும்.

ஏலாது என்றால் ஏலாது என்று எழுது.

அன்பு அப்பா

ஹாலே
18.07.2025

அப்பா,

ஸ்பீக்கரில் வேண்டாம். நேரில் வாறன்.

டெல்சி

எசன்
24.08.2025

அன்பு மகள் டெல்சிக்கு,

நீ சுகமாகப் போய்ச் சேர்ந்த செய்தி கிடைத்தது. இங்கே அம்மா சுகமில்லை, நானும் சுகமில்லை, ஆனால் இருவரும் ஒரே மேசையில் சாப்பிடுகிறோம்.

உன்னோடு நேரில் பேச வாய் வராததை எழுதுகிறேன். அன்று, "இது மாறுமோ எண்டு கேள்" என்று நான் சொன்னபோது, அதற்கு டொக்டர் அம்மா சொன்ன மறுமொழி எனக்கு ஜேர்மனிலேயே விளங்கிவிட்டது. ஆனாலும் விளங்காதவன் மாதிரி உன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய். "இது மாறாதாம் அம்மா. அப்பாவுக்கு நல்லபடி இருக்கக்கூடிய காலத்தைக் கூட்டத்தான் பாக்கினமாம். ஒரு வருஷமா, கூடவா, குறையவா எண்டு அவவுக்கும் தெரியாதாம்." ஒன்றையும் விடவில்லை. உன் குரல் நடுங்கவும் இல்லை. கடமையாகச் செய்தாய்.

அம்மா இவ்வளவு நாளில் முதல் தடவையாக டொக்டரை நேராகப் பார்த்து, "இவருக்கு நோகுமோ?" என்று தமிழில் கேட்டா. நீ மொழிபெயர்ப்பதற்கு முதலே டொக்டர் அம்மா தலையாட்டினா. நொந்தால் சொல்லுங்கள், எதையும் மறைக்காமல் சொல்லுங்கள், செய்யக்கூடியது நிறைய இருக்கிறது என்றா. அதையும் சொன்னாய். மறுமொழி, கேள்வி, மறுமொழி, கேள்வி. நீ ரயில் ஏறும் வரைக்கும் அப்படியேதான் நின்றாய்.

நீ போனபின் அம்மா உன் கட்டிலில் போய்ப் படுத்தா. எழுப்பவில்லை. நேற்றுத்தான் பேசினா. என் துளி மருந்தை எண்ணிக்கொண்டே, கண்ணை எடுக்காமல், "வாற டெர்மினுக்கு அந்த இந்தியன் ஐயாவைக் கூப்பிடுங்கோ" என்றா.

"அவற்ற தமிழ் உமக்கு விளங்காதே" என்றேன்.

"ரெண்டு தரம் கேப்பன், விளங்கும். நீங்கள் பிள்ளையைப் பாத்தனீங்களோ? உங்களுக்குச் சொல்லுது, எனக்குச் சொல்லுது, டொக்டருக்குச் சொல்லுது. ஒரு சொட்டுக் கண்ணீர் விட அதுக்கு நேரம் கிடைச்சதோ?"

உடனே தொலைபேசியை எடுத்தேன்.

சுந்தரராஜனுக்குச் சொல்லிவிட்டேன். அடுத்த டெர்மின் செப்டெம்பர் முடிவில். அதற்கும் நீ வரவேண்டும், ஆனால் உனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. சுவர்ப்பக்கம் மூன்றாவது கதிரையொன்று இருக்கிறது. அதில் என் பக்கத்தில் இருந்து நீ அழலாம்.

அன்பு அப்பா
பேனாட்